ஒரு பிரதி மட்டும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தொண்டை மட்டும் கட்டிக்கொண்டுவிட்டது. சட்டசபை மாடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நீ, அத்தான், உன் மகள் வாயாடி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? "எல்லாரும் சுகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் விவரமாக எழுது.

நேற்று பட்ஜெட். நிதி மந்திரி தண்ணீர் குடித்துக் குடித்துப் படித்தார். எந்த வரி ஏறியது, எது இறங்கியது, எப்போதிலிருந்து என்று வியாபாரிகள் சங்கத்துக்காக நான் எழுதும் வாரத் தாள் அத்தான் பெயருக்கு வழக்கம்போல் வந்துவிடும். அதில் உங்களுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பட்டறை முதலாளி இறந்துபோனால் அதைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள மனைவியும் பிள்ளைகளும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாரிசு வரியாகக் கட்ட வேண்டும் என்று ஒரு பாழாய்ப்போன சட்டம் இருக்கிறதல்லவா? அதைக் கட்ட முடியாமல்தான் பாதிப் பேர் பட்டறையை விற்றுவிட்டுப் போகிறார்கள். இனி சின்னப் பட்டறைகளுக்கு அந்த வரி கிடையாதாம். ஜூலை ஒன்று முதல் விலக்கு. மசோதா இன்னும் நிறைவேறவில்லை, நிறைவேறிவிடும். நம் அட்டைப்பெட்டிப் பட்டறையும் இதில் அடங்கும். அத்தான் இரும்பு, அவருக்கு இப்போதைக்கு இது தேவைப்படாது. ஆனாலும் வாயாடி காலத்தில் உதவும்.

அத்தான் என்னை இன்னும் "கெஜட்டு" என்றுதான் சொல்கிறாரா? சொல்லட்டும். கெஜட்டில் பிழை வரலாம், என் தாளில் இதுவரை ஒரு வரி பிழை வந்ததில்லை என்று அவரிடம் சொல்.

எல்லாருடைய நலமும் அறியக் காத்திருக்கும்,
உன் தம்பி


பிப்ரவரி 27

அருமைத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாயிற்று, கை ஒழியவில்லை. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் உன் மந்திரி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே எல்லாரும் சுகம். இதோ விவரம்: செருப்புக் கடைகளுக்குப் பெட்டி நிறையப் போகிறது. வாயாடி இப்போது பெரிய கட்டிங் மெஷினையே ஓட்டுகிறாள். கட்டிங் அண்ணன் பக்கத்தில் நின்று, "விரலு, விரலு" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். உன் அத்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறார். சாப்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெல்ட் நிற்கவில்லை என்று பட்டறையிலேயே பஞ்சிங் மெஷினில் இன்னொரு துளை போட்டுக்கொண்டார். போன மாதம்தான் ஒன்று போட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்கில்லை, எதிர்க் கடைக்காரருக்கு. அவருக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் வருஷக் கடைசியைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார். அவர் இப்போதே கடையைத் தன் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வரி இல்லாமல் போகுமா? விலக்கு வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? கடையின் மேல் ஏற்கெனவே பாங்குக் கடன் இருக்கிறது, வரி கட்ட மேற்கொண்டு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

போனில் கேட்டிருக்கலாம். பட்டறைப் போன் உன் அத்தான் மேஜைமேல் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. மின்விசிறி அப்படியேதான் ஓடுகிறது.

அத்தான் இளைத்தது நல்லதுதான். தொப்பையோடு அட்டைக் கட்டுக்கு நடுவில் நுழைந்து வருவதைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

எதிர்க் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எழுதிக் கொடுத்துப் பயனில்லை. இறப்பதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் கொடுத்ததெல்லாம் வாரிசாக வந்ததாகவே கணக்கு. விலக்குக்கு முன்னால் இறந்தால் பழைய சட்டம்தான், முழு வரியும் உண்டு. ஒரு நாள் முன்னால் என்றாலும் அதேதான். ஆகவே சட்டப்படி அவருக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை ஒன்றுதான்: ஜூலை ஒன்று வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடக்கச் சொல். அப்புறம் அவர் இஷ்டம். இந்தப் பதிலைத் தாளில் கேள்வி பதில் பகுதியிலேயே போடலாம் போலிருக்கிறது.

மசோதா கமிட்டிக்குப் போயிருக்கிறது. வாயாடியை இரண்டு வரி எழுதச் சொல். பேசுவதில் பாதியை எழுதினாலே எனக்கு ஒரு மாதத்துக்கு வரும்.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 30

அருமைத் தம்பிக்கு,

நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது பிரித்தேன். உன் அத்தான் என் கையிலிருந்து வாங்கி உரக்கப் படித்தார். "மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு" என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இருமல் வந்து, முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்தேன். "நம்ம கெஜட்டு சரியாத்தான் சொல்லியிருக்கான். வேற வழியே இல்ல" என்றார். பிறகு எழுந்து போய்க் காலண்டரில் ஜூலை மாதத்தை எடுத்து, ஒன்றாம் தேதியில் பசைக் குச்சியால் ஒரு துண்டுச் சிவப்பு அட்டையை ஒட்டிவிட்டு வந்தார்.

தம்பி, எதிர்க் கடைக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அத்தான்தான் சொன்னார். நான் சொல்லாமலே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். பெல்ட்டைப் பற்றி அதற்காகத்தான் எழுதினேன்.

கீழே அவர் கையெழுத்து. பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.
அக்கா

*மாப்பிள்ளை, மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடாதே. வந்து என்ன செய்யப் போகிறாய்? என்னைப் பார்க்க ரெண்டு டாக்டர் இருக்கிறார்கள். அந்த மசோதாவைப் பார்க்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அங்கேயே உட்கார். நான் என் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் பக்கத்தைப் பார். பட்டறை என் பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.*


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேலையைக் காரணம் காட்டப் போவதில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அந்தக் கடிதத்தை எழுதிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் சொன்னபடி இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கமிட்டியில் இருக்கிற உறுப்பினர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டேன். ஒருவர் நடைபாதையில் என் தோளைத் தட்டி, "சின்னப் பட்டறைக்காரனுக்கு எதிரா யாருங்க ஓட்டுப் போடுவான்?" என்றார். விலக்குப் பிரிவை யாரும் தொடவில்லை. ஜூலை ஒன்று அப்படியே இருக்கிறது. அத்தான், நிம்மதியாக இருங்கள்.

சபை முடிந்த அன்றே கிளம்பி வருகிறேன். வலி இருக்கிறதா? யாரும் எழுதவில்லையே. அக்கா, நீ சாப்பிடுகிறாயா?

தம்பி


மே 20

அருமைத் தம்பிக்கு,

நீ நிம்மதியாக இருக்கச் சொன்ன கடிதத்தை அவர் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். நான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

கட்டிலைப் பட்டறைக்குப் பின்னால் சரக்கு அறைக்கு மாற்றியாயிற்று. மெஷின் சத்தம் கேட்க வேண்டுமாம். சத்தத்தை வைத்தே, "அட்டை ஈரமா இருக்கு, வெயில்ல போடச் சொல்லு" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். சரியாகவும் இருக்கிறது. வாயாடி ஒவ்வொரு முறையும் வந்து, "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் பேச்சு குறைந்துவிட்டது.

வலி இருக்கிறது. கேட்டாய், சொல்லிவிட்டேன். டாக்டர் ஊசி கொடுத்திருக்கிறார். போட்டால் வலி தெரியாது, ஆனால் தூங்கிக்கொண்டே இருப்பார், சில சமயம் தூக்கத்திலேயே போய்விடவும் கூடும் என்றும் சொன்னார். மறைக்காமல் சொல்லுங்கள் என்று இவர்தான் கேட்டார். அதிலிருந்து ஊசி வேண்டாம் என்கிறார். "ஜூலை ஒண்ணு விடியட்டும், எத்தனை வேணும்னாலும் போடு" என்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடிக்கிறேன். வேறென்ன செய்ய?

சில நேரம் உன் மசோதாவை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அது இல்லாதிருந்தால் இவர் ஊசியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பார். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

இது உனக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்று கடைசி அமர்வு. எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள், பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். நிதி மந்திரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரே வரி. கஜானாவில் துண்டு விழுகிறதாம், அதனால் விலக்கு ஜூலை ஒன்றுக்குப் பதில் அடுத்த ஜனவரி ஒன்று முதல். "ஆம்" என்றவர்கள் குரல் கேட்டது. "இல்லை" என்று ஒருவர் வாயெடுப்பதற்குள் அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்கள். என் தோளைத் தட்டியவரும் "ஆம்" என்றார். நான் மாடத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டேன். அதுதானே என் வேலை.

ஜனவரி வரை அத்தானால் முடியாது. உனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தால் அவர் முயற்சி செய்வார். ஊசி இல்லாமல் முயற்சி செய்வார்.

இந்த வாரத் தாளில் உண்மையைத்தான் போட்டேன், சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் போய்விட்டது. உங்களுக்கு வர வேண்டியதை மட்டும் நானே எடுத்துவிட்டேன். பிறகு அச்சுக்கோப்பவரிடம் அந்த ஒரு வரியை மாற்றச் சொன்னேன். "விலக்கு ஜூலை ஒன்று முதல் நடைமுறைக்கு வருகிறது." எத்தனை காப்பி என்றார். ஒன்று என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அடித்துக் கொடுத்தார்.

அந்தத் தாள் உள்ளே இருக்கிறது. கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம். கொடுத்தால், தெருவில் மற்ற உறுப்பினர்கள் யாரும் அவரிடம் வாய்விடாமல் பார்த்துக்கொள். வாயாடிக்குச் சொல்லாதே. அவளுக்கு எதையும் மறைக்க வராது, மனசில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். சபை முடிந்ததும் வருகிறேன் என்றேன், ஆனால் என் முகமும் அவரிடம் காட்டிக்கொடுத்துவிடும், நீ கூப்பிடும்போது வருகிறேன்.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். பேண்ட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டார், துளைகளெல்லாம் தாண்டிப் போயிருந்ததால் கயிற்றால் கட்டினேன். மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் சரக்கு அறைக்குக் கூப்பிட்டார். இப்படி ஒரு கூட்டம் போடுவார் என்று எனக்குத் தெரியாது, தம்பி. என்னிடம் சொல்லவே இல்லை.

உன் தாளைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "இன்னியிலேருந்து சட்டம் நம்ம பக்கம். நான் இருந்தாலும் இல்லாட்டாலும் பட்டறை என் பொண்ணு கையிலதான். ஒருத்தருக்கும் வேலை போகாது. இது என் வாக்கு" என்றார். கட்டிங் அண்ணன் அழுதுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சுவரோரமாக நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். தாளைப் பார்க்கவில்லை.

எல்லாரும் போனதும், "இப்ப அந்த ஊசியைப் போடச் சொல்லு" என்றார்.

தூங்குகிறார். கட்டில் கம்பியைப் பிடிக்கவில்லை, கை விரிந்து கிடக்கிறது. நீ கிளம்பி வா.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஒழுங்காக வந்து சேர்ந்தேன் என்று எழுதவே இத்தனை நாள் ஆகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா?

கிடத்தியிருந்த அத்தானின் முகம் நான் பயந்தது போல் இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் நான் இருந்த நாளெல்லாம் வாயாடி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உட்கார்ந்த பக்கம்கூட வரவில்லை. வரி நோட்டீஸ் வந்ததும் நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாய். அந்தக் கோபம்தான்.

வலியிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுப்பார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. தன் வாழ்நாளில் சொன்ன சொல் தவறாத மனுஷனை, கடைசியில் நானே வாக்குத் தவற வைத்துவிட்டேன்.

வரித் துறைச் செயலாளரை மூன்று முறை பார்த்தேன். மனுவை வாங்கிக்கொண்டார். "விலக்கு ஜனவரியில்தான் வருதுன்னு உங்க தாளிலேயே தெளிவா போட்டிருக்கீங்களே சார்" என்றார். தாளைப் பாராட்டவும் செய்தார்.

அங்கே நிலவரம் என்ன? என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மழையில் சரக்கு அறை ஒழுகியது, சரிசெய்தாயிற்று. இனி அது நம் கவலை இல்லை.

பட்டறையை விற்றுவிட்டோம். வாங்கியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார். அவரிடம் புது மெஷின் இருக்கிறதாம், அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. கட்டிங் அண்ணனோடு இன்னும் ஆறு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். வாயாடியைக் கணக்குப் பார்க்கச் சொல்லி வைத்துக்கொண்டார்.

காலண்டரை எடுத்துவிட்டேன். உன் தாள் இன்னும் உன் அத்தான் பெயருக்கே வந்துகொண்டிருக்கிறது. நிறுத்திவிடு. தபால்காரர் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

திட்டி எழுதச் சொன்னாய். நீ அனுப்பினாய், நான்தான் கொடுத்தேன். யாரை யார் திட்டுவது? வாயாடியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாமாவுக்கு எழுது என்றால் எழுந்து போய்விடுகிறாள்.

அக்கா


நவம்பர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். நீங்கள் சுகமாயிருக்கிறீர்களா? அம்மா பரவாயில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறாள், பொருத்தமாக இருக்கிறது.

உங்கள்மேல் கோபம் என்று அம்மா நினைக்கிறாள், நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கோபம் இல்லை மாமா. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

ஜூன் கடைசியில் எதிர்க் கடைக்குப் பெட்டி கொடுக்கப் போனேன். மேஜைமேல் உங்கள் தாள் கிடந்தது. ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தது. உங்கள் தாளில் பிழை வராது என்பது எனக்குத் தெரியும். இரவல் கேட்டு வாங்கி, மடித்து வேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சரக்கு அறைக்குள் நுழைந்தால், அவர் வேறொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, உங்க மாமன் சாதிச்சுட்டான்" என்றார். யார் செய்தது, ஏன் செய்தது என்று அந்த நிமிஷமே புரிந்தது. "ஆமாம்ப்பா" என்றேன்.

ஒன்றாம் தேதி அவர் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தபோதும் அந்த எதிர்க் கடைத் தாள் என் பையில்தான் இருந்தது. கொடுக்காதீங்கப்பா என்று தடுத்திருக்கலாம். எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். முதலில் கைதட்டியது நான்தான் மாமா. என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

கட்டிங் அண்ணனைக் கடைத்தெருவில் பார்த்தேன். இன்னும் வேலை கிடைக்கவில்லை. "முதலாளி அன்னிக்கு அப்படிச் சொன்னாரேம்மா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்பாவுக்குத் தெரியாது அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே அண்ணன் போய்விட்டார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். அம்மாவுக்கும் சொல்ல வேண்டும்.

தாளை நிறுத்தச் சொல்லி அம்மா எழுதினாளாமே. நிறுத்துங்கள். ஆனால் ஜனவரி முதல் வாரத்துத் தாளை மட்டும் என் பெயருக்கு அனுப்புங்கள். எனக்குப் பட்டறை இல்லை, சந்தாவும் கட்ட முடியாது. விலக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அதில் ஒரு வரி இருக்கும் அல்லவா? அப்பா தூக்கிப் பிடித்த அதே வரி. அது உண்மையாக அச்சாகி வருவதை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள்.

உங்கள்,
வாயாடி